பாதிரியார் வீட்டின் ஒடுக்கமான கதவு

ஞாயிற்றுக்கிழமைகளில் முன்பின் அறியாதவர்கள் என் வீட்டைப் படம் எடுத்துப் போகிறார்கள். ஒஸ்லோவின் விளிம்பில், தேவாலயத்துக்கு எதிரே இருக்கும் இந்த மாதிரி வீட்டை நோர்வேஜியர்கள் பிரெஸ்தகோர்ட் என்பார்கள். பாதிரியார் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த வீடு. மரக்குற்றிகளை அடுக்கிக் கட்டிய சுவர், அதன்மேல் வெள்ளைப் பலகை, நடுவே கூடம், இரு பக்கமும் ஒரே அளவில் அறைகள், சிறுசிறு கண்ணாடிகள் பதித்த உயரமான யன்னல்கள். முப்பது வருடம் பஸ் ஓட்டிய நானும் குழந்தைகள் காப்பகத்தில் வேலைசெய்த என் மனைவி வசந்தியும் ரொம்மன் பகுதியில் இருந்த அடுக்குமாடி வீட்டை விற்று இதை வாங்கினோம். யன்னல் வெளிச்சத்தில் அவள் மயங்கிவிட்டாள். "இதிலை இருந்தே செத்துப்போகலாம், என்னப்பா" என்றாள்.

போன மாரிக் குளிரில் அவளுக்குப் பக்கவாதம் வந்தது. வைத்தியசாலையிலிருந்து சக்கர நாற்காலியில் வந்தாள். பின்பக்கம் பலகையில் சரிவு போட்டு உள்ளே கொண்டுவந்தேன். குளியலறைக் கதவு நாற்காலியைவிட நான்கு விரல் ஒடுக்கம். அவசரத்தில் தள்ளியபோது கதவு நிலையில் உரசி அவளுடைய புறங்கைத் தோல் உரிந்துவிட்டது. அவள் அழவில்லை. "கதவிலை காயம் பட்டிட்டுதோ, பாருங்கோ" என்றாள்.

கதவை அகலமாக்க அனுமதி கேட்டதும் பழங்கட்டடங்களுக்குப் பொறுப்பான அதிகாரி வந்தார், இளம் பெண். நிலையைத் தடவிப் பார்த்துவிட்டு, "இது உங்களுடைய வீடு மட்டும் இல்லை" என்று நோர்வேஜிய மொழியில் மெல்லச் சொன்னார். நான் உள்ளே ஓடிப்போய் வீட்டு உறுதிப் பத்திரத்தைக் கொண்டுவந்து நீட்டினேன். அவர் முகம் சிவந்துவிட்டது. முன்னர் வாழ்ந்தவர்களுக்கும் இனி வரப்போகிறவர்களுக்கும் உரியது என்ற அர்த்தத்தில்தானாம் சொன்னார். குற்றியை வெட்டினால் சுவரின் பிணைப்புப் போய்விடும், அனுமதிக்க முடியாது என்றார். வசந்தியின் கையைப் பிடித்து விடைபெற்றபோது அவருக்கும் கண் கலங்கியிருந்தது. யாரோடு கோபிப்பது?

ஊரில், கோப்பாயில், சித்தப்பாவுக்குக் கால் போனபோது, காலையில் வந்த மேசன் மத்தியானத்துக்குள் வாசலை இடித்து அகலமாக்கிவிட்டார். எவரிடமும் கேட்கவில்லை. அடுத்த வருடம் போரில் ஷெல் விழுந்து வீடே போனது. அதற்கும் எவரும் எங்களைக் கேட்கவில்லை. இங்குள்ள சட்டத்தைத் திட்ட வாயெடுக்கும்போதெல்லாம் அந்தக் கற்குவியல் நினைவில் வந்து வாயை அடைக்கிறது.

மூன்று மாதம் அவளைத் தூக்கிக்கொண்டு போய்த்தான் குளிக்கவார்த்தேன். ஒரு காலை இருவரும் கூடத்தில் விழுந்தோம். எழும்ப முடியவில்லை. மகள் துர்க்கா வரும்வரை பக்கத்தில் பக்கத்தில் கிடந்தோம். அவள் எங்களை நிமிர்த்திவிட்டு, "தூக்கினது காணும் அப்பா. அம்மாவை நான் கொண்டுபோறன்" என்றாள்.

இப்போது வசந்தி ரொம்மனில், மகளின் சிறிய வீட்டில், லிப்ட் உள்ள கட்டடத்தில் இருக்கிறாள். பிரெஸ்தகோர்ட்டை விற்கப் போட்டிருக்கிறோம். பார்க்க வருகிறவர்கள் யன்னல்களைப் புகழ்ந்துவிட்டுப் போகிறார்கள். சூடேற்றாமல் பூட்டிவிட்டால் தண்ணீர்க் குழாய்கள் உறைந்து வெடித்துவிடும் என்பதால் நான் அங்கேயே படுக்கிறேன்.

நேற்றும் அவளுக்குச் சோறு தீத்திவிட்டுப் புறப்பட்டேன்.

"வீட்டை போறியளோ?"

"ஓம்."

"அப்ப, நான் இருக்கிற இது வீடில்லையோ?"

ஒரு காலில் சப்பாத்தும் மறுகாலில் வெறும் காலுறையுமாக, போட்டதைக் கழற்றுவதா மற்றதையும் போடுவதா என்று தெரியாமல் அவள் முன்னால் நின்றேன்.