வண்டு எதிர்ப்பக்கம் திரும்பிய மதியம்

எழுபதுகளின் தொடக்கத்தில், கடைகளில் சீனி கிடைக்காத ஒரு மாதத்தில், எனக்குப் பெண் கொடுக்கலாமா என்று பார்க்க ஒருவர் தெமோதரையிலிருந்து ரயிலேறிப் பதுளைக்கு வந்தார். பெண்ணின் தகப்பனார். தேயிலைத் தொழிற்சாலையில் டீமேக்கர். கொழுந்து தூளாகி வெளியேறும்வரை அவர்தான் பொறுப்பு. எனக்கோ முப்பத்துமூன்று வயதாகியும் பொறுப்பென்று எதுவும் இல்லை. அதனாலேயே இரண்டு சம்பந்தங்கள் கைநழுவியிருந்தன. இந்தப் பெண்ணை விட எனக்கு மனமில்லை. புகைப்படத்தில் அவள், "சீக்கிரம் எடுங்க" என்று படக்காரரை அதட்டுவதுபோல் முறைத்துக்கொண்டிருந்தாள்.

அக்காவுக்கு இரண்டு கவலைகள். டீமேக்கருக்கே தேத்தண்ணீர் ஊற்றிக் கொடுப்பது ஒன்று. மேசைமேல் இருந்த என் வண்டு மற்றொன்று.

"அந்தப் பூச்சிக் கூத்தை எங்கயாச்சும் ஒளிச்சு வை. மனுசன் பாத்தாருன்னா அடுத்த கோச்சியிலயே திரும்பிருவாரு."

கூத்துக்குக் காரணம் கொத்தமல்லி. பஜாரில் அதைச் சுற்றிக் கொடுத்த தாள், ஒரு பழைய ஆங்கில விஞ்ஞான சஞ்சிகையின் பக்கம். பூச்சிகள் அசைவை எப்படி அறிகின்றன என்று அதில் பாதி இருந்தது. மீதியில் யாரோ மிளகாய் வாங்கிப் போயிருந்தார்கள். நானும் பாதி அறிவை வைத்துக்கொண்டு ஒரு சாண் அகலத்தில் அட்டை உருளை செய்தேன். உள்ளே கறுப்பும் வெள்ளையுமாக மெல்லிய பட்டைகள் ஒட்டி நூலில் தொங்கவிட்டு, நடுவில் ஒரு கட்டைமேல் வண்டை ஏற்றினேன். உருளை சுற்றும் பக்கமே வண்டும் திரும்ப வேண்டும்.

வந்தவர் ஒரு மிடறு குடித்தார். கருப்பட்டியைக் கடித்தார். பிறகு கோப்பையைத் தள்ளிவைத்துவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தார். எழுந்துவிடுவாரோ என்ற பதற்றத்தில், உருளையை மறைத்துப் போட்டிருந்த துவாயை நானே உருவிவிட்டேன். அக்கா அடுப்பைப் பார்க்கும் சாக்கில் குசினிக்குள் போய்விட்டாள்.

"என்னா தம்பி இது?"

வண்டின் கண் பல சிறு கண்களின் கூட்டம் என்று தொடங்கினேன். பக்கத்துப் பக்கத்துக் கண்கள் இரண்டும் ஒரு நரம்புக்குச் சேதி அனுப்பும். முதல் கண்ணின் சேதி சற்றுத் தாமதித்துப் போகும், இரண்டாவதன் சேதி உடனே போகும். இரண்டும் ஒன்றாக வந்து சேர்ந்தால், "இந்தத் திசையில் ஏதோ நகருது" என்று நரம்பு அறியும். எதிர்த்திசையில் நகர்ந்தால் சேதிகள் சேராது.

"அட, எங்க தோட்டத்துத் தொரை வர்ற கணக்குத்தானே!" என்றார். "தொரை தாண்டுனதும் மேமலையில கொழுந்து எடுக்கிறவ ஒருத்தி இருமுவா. கொஞ்சம் பொறுத்துக் கீழ்மலையில ஒருத்தி இருமுவா. அப்ப தொரை பேக்டரிக்கு எறங்குறாருன்னு அர்த்தம். கீழ்மலை மொதல்ல இருமுனா பங்களாவுக்குப் போறாரு, நான் சாக்குமேல சாஞ்சுக்குவேன். எங்க, சுத்துங்க பாப்போம்."

வலப்பக்கம் சுற்றினேன். வண்டு நிதானமாக இடப்பக்கம் திரும்பியது. மீண்டும் சுற்றினேன். மீண்டும் இடம். என் கல்யாணமும் அந்தப் பக்கமாகவே போவதுபோல் தெரிந்தது.

"சரியில்லீங்க," என்றேன்.

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு உருளைக்குள் எட்டிப்பார்த்தார். "வண்டு மேல குத்தம் இல்ல தம்பி. சல்லடைக் கண்ணு பெருசா இருந்து தூள் பொடிசா இருந்தா தரம் பிரிக்க ஏலுமா? ஒங்க பட்டை ரொம்பப் பொடிசு. அதான் இந்தக் கண்ணுல பட்ட கோடு எது, அந்தக் கண்ணுல பட்ட கோடு எதுன்னு அதுக்குக் கொழம்புது. ஏம்மா! கொஞ்சம் பசை காச்சிக் குடுங்கம்மா."

சம்பளம் எவ்வளவு, பென்ஷன் உண்டா என்று கேட்க வந்த மனிதர், சட்டைக் கையை மடித்துக்கொண்டு இரண்டு விரல் அகலப் பட்டைகள் வெட்டினார். எனக்குக் கத்தரிக்கோல் பிடிக்கத் தெரியவில்லை என்று இருமுறை சொன்னார். ஒட்டி முடித்துச் சுற்றியபோது, வண்டு கூடவே திரும்பியது. இடம் சுற்றினால் இடம், வலம் சுற்றினால் வலம்.

"பாத்தீங்களா!" என்று என் முதுகில் அறைந்தார். உருளையையும் வண்டையும் பழைய பையொன்றில் வைத்துக்கொண்டு, "மககிட்டக் காட்டிட்டுச் சொல்லி அனுப்புறேன்" என்று மாலைக் கோச்சியைப் பிடிக்க ஸ்டேஷனுக்குக் கிளம்பினார்.

நாலாம் நாள் கடிதம் வந்தது. வீடு சுமார், தேத்தண்ணீர் மோசம், மாப்பிள்ளை பரவாயில்லை, நாள் பார்க்கவும். அடியில் வேறு கையெழுத்தில் ஒரு வரி: "வண்டின் ஒரு கண்ணை மையால் மூடினேன். அப்போதும் திரும்புகிறது. ஏன்?"

அக்கா பஞ்சாங்கத்தைப் புரட்டிக்கொண்டிருக்க, நான் அதைச் சோதித்துப் பார்க்க வேலியோரச் செடிகளில் இன்னொரு வண்டு தேடிக்கொண்டிருந்தேன்.