மூன்றாவது கம்பத்தின் ஒட்டு

போன ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் நாலு பேர் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். என் கணவரைச் சுகம் விசாரிக்க. அவர் சுகத்தைப் பற்றி இரண்டு நிமிடம்தான் கதைத்திருப்பார். பிறகு எல்லாரையும் குசினி வாசலுக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

"இது இவ செய்தது. தனிய நிண்டு."

அவர் காட்டியது, குசினிக் கதவிலிருந்து பின்வளவுக் கழிவறை வரை போகும் இரும்புக் கைப்பிடி. ஐந்து கம்பங்கள், அவற்றின் மேல் இடுப்பளவு உயரத்தில் நீளப் பைப், பளபளவென்று சில்வர் பெயின்ற். வந்தவர்கள் தடவிப் பார்த்தார்கள். படம் எடுத்தார்கள். ரீச்சருக்கு வெல்டிங்கும் தெரியுமா என்று வியந்தார்கள். நான் தேத்தண்ணீர்த் தட்டோடு சிரித்துக்கொண்டு நின்றேன். யாரும் நடுவில் சாய்ந்துவிடாமல் பார்த்துக்கொண்டேன்.

ஏனென்றால் மூன்றாவது கம்பத்தில் நான் போட்ட ஒட்டு சரியில்லை. அது எனக்கு மட்டும்தான் தெரியும்... அப்படித்தான் நினைத்திருந்தேன்.

மாசியில் அவருக்குப் பாரிசவாதம் வந்தது. கை ஒரு மாதத்தில் சரிவந்துவிட்டது. இடது கால்தான் இன்னும் இழுபடுகிறது. வீட்டுக்குள் சுவரைப் பிடித்து நடப்பார். சுவர் முடிகிற இடத்தில் என்னைக் கூப்பிட வேண்டும். முப்பது வருடம் தனியாகப் படகெடுத்துக் கடலுக்குப் போன மனிதர்; கழிவறைக்குப் போக மனைவியைக் கூப்பிடுவாரா? ஒரு காலைப்பொழுது சொல்லாமல் போய் விழுந்தார். நெற்றியில் நாலு தையல்.

டவுனில் வெல்டிங் கடை வைத்திருக்கும் ரெக்ஸிடம் கைப்பிடி போட்டுத் தரச் சொன்னேன். நாளைக்கு வருவதாகச் சொன்னான். ஐந்து வாரமாக அதையே சொன்னான். ஆறாவது வாரம் நானே ஒரு சின்ன வெல்டிங் மெஷின் வாங்கிவிட்டேன். தோளில் கொழுவிக்கொண்டு போகலாம், அவ்வளவு சின்னது.

பழைய இரும்புத் துண்டுகளில் மூன்று வாரம் பழகினேன். முதலில் வெல்டிங் ரொட் இரும்போடு ஒட்டிக்கொண்டு வர மறுத்தது. பிறகு இரும்பில் ஓட்டை விழுந்தது. கிட்டப் பிடித்தாலும் பிழை, எட்டப் பிடித்தாலும் பிழை. பிள்ளைகளின் கையெழுத்தைத் திருத்தியே ஓய்வுபெற்றவள் நான். என் வெல்டிங் கோடு போன கோணலைப் பார்த்தபோது அந்தப் பிள்ளைகளிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும்போல் இருந்தது.

கைக்குக் கொஞ்சம் பிடிபட்டதும் பைப் வாங்கினேன். எங்கள் தீவில் யாரும் சாதாரண இரும்பு வாங்கமாட்டார்கள். உப்புக் காற்று இரண்டு வருடத்தில் தின்றுவிடும். துரு பிடிக்காமல் நாகம், அதுதான் சிங்க், பூசிய பைப்தான் வாங்குவோம். அந்தப் பூச்சில் ஒரு கீறல் விழுந்தாலே மனது கேட்காது. நானும் அதைக் கண்போலக் காத்தேன். பூச்சின் மேலேயே வெல்டிங் போட்டேன். வெளியே சோளகக் காற்று வீசி மண்ணை அள்ளிக் கொட்டியதால், பின்வளவுக் கொட்டிலின் கதவையும் யன்னலையும் சாத்திவிட்டு வேலை செய்தேன்.

வெள்ளைப் புகை கிளம்பியது. பின்னேரம் குளிர்காய்ச்சல் பிடித்து ஆட்டியது. அவர்தான் சுவரைப் பிடித்துப் பிடித்து வந்து எனக்குக் கொத்தமல்லித் தண்ணீர் தந்தார். காய்ச்சல் விட்ட மறுநாளே எழுந்து மிச்ச வேலையையும் முடித்தேன்.

இரண்டு பைப்புகள் சந்திக்கும் மூன்றாவது கம்பத்தில் மட்டும் ஒட்டு அப்பம்போலப் பொத்துப் பொத்தாக இருந்தது. வெட்டிவிட்டுத் திரும்பச் செய்திருக்க வேண்டும். நான் என்ன செய்தேன்? கார் திருத்துகிறவர்கள் பூசும் பசையை வைத்து அடைத்தேன். உரசி மழுக்கினேன். பெயின்ற் அடித்தேன். ஐந்து கம்பங்களிலும் அதுதான் வடிவாக இருந்தது!

ஞாயிற்றுக்கிழமைப் பாராட்டுக்குப் பிறகு எனக்கு நிம்மதி போய்விட்டது. அவர் கைப்பிடியில் கை வைக்கும் ஒவ்வொரு முறையும் நான் குசினி வாசலுக்கு ஓடினேன். செவ்வாய்க்கிழமை காலை, அவர் வாசலில் இறங்கும்போது மறித்தேன்.

"மூண்டாவது கம்பத்தில பாரம் போடாதேங்கோ. ஒட்டு சரியில்ல. நான் பெயின்ற் அடிச்சு மறைச்சுப்போட்டன்."

"தெரியும்" என்றார்.

"எப்ப தெரியும்?"

"முதல் நாளே. கை வைக்கேக்க ஆடினது."

பத்து நாட்களாக அந்த இடம் வந்ததும், கையைப் பைப்பின் மேல் சும்மா வைத்துக்கொண்டு, பாரம் கொடுக்காமல் இரண்டடி நடந்திருக்கிறார். அந்தக் காலோடு! எனக்கு அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தன. விழுந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று சத்தம் போட்டேன்.

"நீர் காய்ச்சலோட கிடந்து எழும்பிச் செய்தனீர்" என்றார். "உம்மட்ட எப்பிடிச் சொல்லுறது?"

யோசித்துப் பாருங்கள். அவர் விழக்கூடாது என்று நான் செய்த கைப்பிடி. என் மனம் நோகக்கூடாது என்று அதைப் பிடிக்காமலே அவர் நடந்திருக்கிறார். நான் பசை வைத்து மறைத்தேன். அவர் பாராட்டி மறைத்தார். வீட்டுக்கு வீடு இப்படி எத்தனை ஒட்டுகளுக்குப் பெயின்ற் அடித்து வைத்திருக்கிறோம்? அதற்கு அன்பு என்று பெயரும் வைத்திருக்கிறோம். பாரம் போடும் நாள் வரும்வரை அது வடிவாகத்தான் இருக்கும்.

ரெக்ஸுக்குப் போன் போட்டேன். நடந்ததைக் கேட்டுவிட்டு, பூச்சை உரஞ்சி எடுத்துவிட்டா ஒட்டினேன் என்று கேட்டான். இல்லை என்றேன். பூச்சு எரிந்துதான் பொத்துகள், அந்தப் புகையில்தான் காய்ச்சல் என்று விளக்கினான். ஒட்டுகிற இடத்தில் மட்டும் பூச்சை எடுத்துவிட்டு, திறந்த வெளியில், முகத்துக்கு மாஸ்க் போட்டுக்கொண்டு செய்யச் சொன்னான். ஒட்டி முடிந்த பிறகு பெயின்ற் அடித்தால் துரு பிடிக்காதாம். நாளைக்குத் தானே வந்து பார்ப்பதாகவும் சொன்னான்! நான் காத்திருக்கவில்லை. ஐந்து கம்பங்களின் ஒட்டையும் வெட்டித் திரும்பப் போட்டேன். மூன்றாவதில் கட்டியாக ஒரு திரளை நின்றது. அதை மழுக்கவில்லை.

முதலில் நான் தொங்கிப் பார்த்தேன். பிறகு அவரைக் கூப்பிட்டேன். மூன்றாவது கம்பத்தடியில் நின்று, இரண்டு கையையும் ஊன்றி, முழுப் பாரத்தையும் போட்டார். அசையவில்லை. எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

குனிந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "வடிவில்ல. ஆனா பிடிக்குது."

அந்த வார்த்தை எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது தெரியுமா? ஒரேயொரு கவலைதான். பத்திரிகைக்கு நான் எழுதும் இந்தப் பத்தியை அச்சுக்குப் போகுமுன் வாசிப்பவரும் அவர்தான் — இதுவரை ஒவ்வொரு வாரமும் "நல்லா இருக்கு" என்றே சொல்லியிருக்கிறார்.