ஏரைத் தொடாத கைகள்

சாய்பாசாவுக்குத் தெற்கே, ஹோ பழங்குடிக் கிராமங்களில் பெண்களைக் கூட்டிப் பேச வைப்பது பாலேமாவின் வேலை. படச்சீட்டுகளைத் தரையில் பரப்புவாள். ஊரின் பெரிய குறை எந்தப் படத்தில் இருக்கிறதோ, அதன்மேல் ஆளுக்கொரு புளியங்கொட்டை வைக்க வேண்டும். தீர்வையும் அவர்களேதான் தேட வேண்டும். அவள் சொல்லிக் கொடுத்தால், அது அவளோடேயே பஸ் ஏறிப் போய்விடும்.

அன்று அவளுக்குப் பொறுமை இல்லை. நிறைமாத ஜானோவுக்குக் கால் வீங்கிக் கண் மங்கியிருந்தது. ஆஸ்பத்திரி வண்டி ஆற்றுக்கு அக்கரையில்தான் நிற்கும். அவளைக் கட்டிலில் தூக்கிப் போக ஆண்களைப் பாலேமா கெஞ்சிப் பார்த்துவிட்டாள். உழவு நேரம், பிரசவத் தீட்டுப் பட்டால் ஏர் பிடிக்க முடியாது என்று ஒவ்வொருவராக நழுவினார்கள். பாலேமாவின் அக்காவும் இப்படித் தூக்க ஆளில்லாமல் செத்துப் போனவள்தான்.

ஊர்த் தலைவர் மனைவி மெஞ்சாரி முதல் கொட்டையைக் கிணற்றுப் படத்தில் வைத்தாள். எல்லாக் கொட்டைகளும் கிணற்றுக்கே போயின.

பாலேமா அத்தனையையும் அள்ளினாள். "எல்லாரும் அந்தப் பக்கம் திரும்பி உட்காருங்க. ஒவ்வொருத்தரா வந்து வைங்க."

இந்த முறை கிணற்றில் ஒன்றிரண்டுதான். மற்றவையெல்லாம் கர்ப்பிணியைத் தூக்கிப் போகும் கட்டில் படத்தில் குவிந்திருந்தன.

"அடியே, இத்தனை பேர் நெஞ்சுக்குள்ளயும் இதுதான் இருந்துச்சா?" என்றாள் மெஞ்சாரி.

"நீங்க முதல்ல வச்சுட்டா, நாங்க எப்படி அண்ணி மாத்தி வைக்கிறது?" என்றாள் ஒருத்தி.

"சரி, யார் தூக்குறது?" என்று கேட்டாள் பாலேமா.

 ஓரமாகப் படுத்திருந்த ஜானோ வயிற்றைப் பிடித்துக்கொண்டு முனகினாள். நாலு பெண்களைக் கையைப் பிடித்து இழுத்துப் போகலாமா என்று பாலேமாவுக்குத் தோன்றியது. இழுத்தால் இன்றைக்கு வருவார்கள், அடுத்தவளுக்கு வரமாட்டார்கள்.

"ஆம்பளைங்க ஏன் வரலை?" என்று கேள்வியை மாற்றிக் கேட்டாள்.

"தீட்டுப் பட்டா ஏரைத் தொடக் கூடாதே," என்றாள் ஒருத்தி.

"நீங்க?"

"நாங்க எங்க தொடுறோம்? பொம்பளை கை பட்டாலே ஏருக்கு ஆகாதுன்னுதானே..." சொல்லிக்கொண்டிருந்தவள் நிறுத்திவிட்டாள்.

மெஞ்சாரி சேலையை இழுத்துச் செருகினாள். "அப்போ நமக்கென்னடி நஷ்டம்? கட்டிலைக் கொண்டாங்க!"

இடுப்பளவுத் தண்ணீரில் நாலு பேர் தூக்கிப் போனார்கள். நடு ஆற்றில் ஜானோவுக்கு வலிப்பு வந்தது. அவளுக்கு மூச்சு அடைக்காமல் முகத்தை ஒருக்களித்துப் பிடித்துக்கொண்டே பாலேமா நடந்தாள். அழ நேரமில்லை.

ஜானோ பிழைத்தாள். குழந்தை பிழைக்கவில்லை.

தீட்டுக் கழியும்வரை அந்த நால்வரும் அடுப்படிக்குப் போகவில்லை. உழுதுவிட்டு வந்த புருஷன்மார்களே குழையக் குழையச் சோறு வடித்துத் தின்றார்கள்.

அடுத்த கூட்டத்தில், இனி தூக்க ஆள் இருப்பதால் கட்டில் படத்தை எடுத்துவிடலாமா என்று பாலேமா கேட்டாள்.

"இருக்கட்டும்," என்றாள் ஜானோ. "இன்னும் சீக்கிரமாத் தூக்குறதைப் பத்திப் பேசணும்."