இன்னொரு தரம் கம்பவுண்டர்

முழங்கையால் வீட்டுக் கம்ப்யூட்டரின் விசைப்பலகையை ஓர் அழுத்து அழுத்திவிட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு திரையைப் பார்க்கிறார் கம்பவுண்டர். எழுத்துகள் தாறுமாறாக ஓடுகின்றன. 'எடையை எண்ணில் தரவும்' என்று அவர் எழுதிய புரோகிராம் மறுபடியும் கேட்கிறது. அப்போதுதான் மூச்சு விடுகிறார். அடுத்து உள்ளங்கையால் ஒரு தட்டு. அதற்கும் அசைந்துகொடுக்கவில்லை என்றதும் சமையலறைப் பக்கம் திரும்பிக் குரல் கொடுக்கிறார்.

"இங்க வந்து எதையாவது அடிச்சிட்டுப் போயேன்."

"என்னத்த அடிக்கிறது?"

"அதை நான் சொல்லிட்டா அப்புறம் என்ன சோதனை? உன் இஷ்டத்துக்கு அடி."

மனைவி ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, 'வேற வேலை இல்லையா' என்று ஒவ்வோர் எழுத்தாகத் தேடி அடிக்கிறார். 'எடையை எண்ணில் தரவும்' என்கிறது திரை. "அப்படியே உங்களை உரிச்சு வச்சிருக்கு. சொன்னதையே சொல்லுது" என்று அடுப்பைப் பார்க்கப் போய்விடுகிறார்.

எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் அவருக்கு 'இன்னொரு தரம்' என்றுதான் பெயர். காது நன்றாகவே கேட்கும். ஆனாலும் யார் எதைச் சொன்னாலும், "இன்னொரு தரம் சொல்லுங்க" என்பார். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகும் அது எங்கே போகிறது என்று பக்கத்து இருக்கையில் ஒரு தரம், பின் இருக்கையில் ஒரு தரம் விசாரிப்பார். "கல்யாணத்துக்கு முன்னாடி சம்மதமான்னு என்னை ரெண்டு தரம் கேட்டாரு. ரெண்டாவது தரம் கேட்டப்ப எனக்கே சந்தேகம் வந்துடுச்சு" என்று அவர் மனைவி சொல்லிச் சிரிப்பார்.

தெருக்கோடியில் இருக்கும் சின்ன கிளினிக்கில் மருந்து கொடுக்கும் ஜன்னல் அவருடையது. திரவ மருந்தை ஊற்றும்போது கிளாஸைத் தூக்கிப் பார்க்க மாட்டார். அதை மேஜையில் வைத்துவிட்டு, தான் குனிந்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, கோட்டுக்கு நேராகப் பார்ப்பார். ஜன்னலுக்கு வெளியே இருப்பவர்களுக்கு அந்த நேரத்தில் அவருடைய வழுக்கை மட்டும்தான் தெரியும்.

டாக்டர் வாங்கிப் போட்ட கம்ப்யூட்டர் கிளினிக்கில் சும்மா கிடந்தது. அதை ஏதாவது செய்ய வைக்கலாமே என்று மாலை வகுப்பில் சேர்ந்தார். வேறு வேலை தேடிக்கொண்டிருந்த நானும் அங்கேதான் சேர்ந்தேன். முதல் வாரத்தில் ஒரு சின்னப் பயிற்சி. புரோகிராம் வயதைக் கேட்க வேண்டும், அடுத்த வருடம் எவ்வளவு ஆகும் என்று சொல்ல வேண்டும். எல்லாரும் எண்ணை அடித்து, விடை வந்ததும் கைதட்டினோம். இவர் மட்டும் 'ஐம்பது' என்று எழுத்தில் அடித்தார். சிவப்பு வரிகளைக் கக்கிவிட்டு புரோகிராம் நின்றுபோனது. அவர் முகம் வெளுத்துவிட்டது.

"யாரு சார் அப்படி அடிக்கப்போறாங்க?" என்று சிரித்தார் ஆசிரியை.

"அடிப்பாங்கம்மா. நம்ம ஜனங்க அடிப்பாங்க."

அன்றைக்கு நானும் சேர்ந்துதான் சிரித்தேன்.

கொஞ்ச நாளில் கிளினிக்குக்கென்றே ஒன்றை எழுதிவிட்டார். எடையை அடித்தால் மருந்தின் அளவைக் கணக்கிட்டு, சீட்டும் அச்சடித்துத் தரும். அதற்கு முன்னால், அடித்த எடையைக் காட்டி, 'சரியா? சரி என்றால் என்டர்' என்று கேட்கும். தன் சுபாவத்தையே அதற்குள் வைத்துவிட்டதாக அவருக்கு நிம்மதி. டாக்டரும் தட்டிக்கொடுத்து, ஜன்னலோரம் வைக்கச் சொன்னார்.

அங்கே பெரிய சிஸ்டர் இருக்கிறார். நல்ல மனுஷி, கைதான் பொறுக்காது. லிஃப்ட் பொத்தானையும் வரும்வரை குத்திக்கொண்டே நிற்பவர். ஒரு நாள் காலை, கம்பவுண்டர் உள்ளே பெட்டி பிரித்துக்கொண்டிருந்தபோது, கைக்குழந்தையோடு ஒரு பெண் வந்தாள். எட்டரை கிலோ. சிஸ்டர் அடித்ததில் நடுப்புள்ளி விழவில்லை. எண்பத்தைந்து ஆகிவிட்டது. எண்பத்தைந்து கிலோ ஆசாமிகளும் அதே ஜன்னலுக்கு வருகிறவர்கள்தானே, புரோகிராமுக்கு அதில் சந்தேகம் எழவில்லை. கம்ப்யூட்டர் வேறு ஆமை வேகம். நகரவில்லையே என்று சிஸ்டர் என்டரை ரெண்டு மூன்று தரம் தட்டியிருக்கிறார். 'சரியா?' என்ற கேள்வி வந்ததையும் போனதையும் யாரும் பார்க்கவில்லை. சீட்டு வந்தது, சிஸ்டர் பாட்டிலில் ஒட்டினார், அந்தப் பெண் வாங்கிக்கொண்டு போய்விட்டாள்.

திரும்பி வந்த கம்பவுண்டர் திரையில் எண்பத்தைந்தைப் பார்த்தார். காலி எடைத்தட்டில் விரித்திருந்த குழந்தைத் துணியைப் பார்த்தார். செருப்புகூட இல்லாமல் தெருவில் இறங்கி ஓடினார். நான் எதிரே வந்துகொண்டிருந்தேன். அவர் ஓடி நான் பார்த்ததே இல்லை. திருப்பத்தில், குழந்தையை மடியில் கிடத்தி, பாட்டில் மூடியைப் பல்லால் கடித்துத் திறந்துகொண்டிருந்தாள் அந்தப் பெண். இவர் பாட்டிலைப் பிடுங்கினார். அவள் திட்டினாள். நின்று வாங்கிக்கொண்டார்.

"ஒண்ணும் ஆகலையே, விடுங்க" என்று டாக்டர் சொன்னார், சிஸ்டர் அழுதுகொண்டே சொன்னார், நானும் சொன்னேன். அன்று மாலையே புரோகிராமைக் கிளினிக்கிலிருந்து எடுத்துவிட்டார். சாப்பாட்டில் உட்கார்ந்தால் பிசைந்தபடியே இருப்பார். "ஓடிப் பிடிக்கலைன்னா?" என்று கேட்பார்.

ஒரு நாள் மாடிப்படியில் என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"சிஸ்டர் அடிச்ச என்டர் எங்கயும் போகலைங்க. முதல் என்டர் எடைக்குப் போச்சு. மிச்சமெல்லாம் உள்ளயே வரிசையில நின்னுச்சு. நான் 'சரியா'ன்னு கேட்டதும், அதுல ஒண்ணு முன்னால வந்து ஆமான்னு சொல்லிடுச்சு. கேள்வி வர்றதுக்கு முன்னாடியே பதில் காத்துட்டு நின்னிருக்கு."

வயதையும் கேட்க வைக்கலாமே என்றேன்.

மறுபடி எழுதினார். கேள்விக்கு முன்னால் தட்டியதெல்லாம் இப்போது குப்பைக்குப் போகும். வெறும் என்டருக்கு மதிப்பே கிடையாது. எடையை இரண்டாவது முறை முழுசாக அடிக்க வேண்டும், இரண்டும் ஒத்துப்போனால்தான் சீட்டு. நான் சொன்னபடி வயதையும் கேட்க வைத்தார்; வயதுக்கு ஒவ்வாத எடை என்றால் அங்கேயே நின்றுவிடும். முழங்கையும் உள்ளங்கையும் மனைவியின் வசவும் அதற்குப் பிறகுதான் ஆரம்பித்தன. போன வாரம் ஜன்னலோரம் திரும்பக் கொண்டு வைத்தார்.

நேற்று என் மகளுக்குக் காய்ச்சல். இன்னும் நிற்கவே பழகாதவள், என் தோளில் அனலாகக் கிடந்தாள். சிஸ்டர் அவளை எடைபோட்டு, என் கையில் கொடுத்துவிட்டு, வயதையும் எடையையும் அடித்தார். திரை அசையவில்லை. டக், டக், டக் என்று என்டர் விழும் சத்தம் கேட்டது. உள்ளே கம்பவுண்டர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

'எடையை மறுபடி தரவும்' என்று நின்றது திரை.

"மிஷினுக்கும் உங்க வியாதி ஒட்டிக்கிச்சு" என்று முனகிக்கொண்டு சிஸ்டர் திரும்ப அடித்தார். ஒத்துப்போனது. சீட்டு வந்தது.

கம்பவுண்டர் சீட்டைப் படித்தார். குனிந்தார், வழுக்கை தெரிந்தது, ஊற்றினார், ஒட்டினார். பாட்டிலை என் பக்கம் நீட்டினார். நான் கை நீட்டியதும் பின்னால் இழுத்துக்கொண்டார். அதை உள்ளே வைத்துவிட்டு, பக்கத்துக் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தார். இரண்டு கைகளாலும் மகளை என் தோளிலிருந்து வாங்கி, எடைத்தட்டில் மறுபடியும் கிடத்தினார்.