களைச் சாமந்தி

கொடைக்கானலில் கெய்சர் கெட்டுப்போனால் நாயுடுபுரம் தனசேகரைக் கூப்பிடுவார்கள். கெய்சரோ ஃப்ரிட்ஜோ, எதுவானாலும் பிரித்துப் பரப்பிவிட்டு ஒரு திருகாணி மிச்சமில்லாமல் திரும்ப மாட்டிவிடுவான். அவன் வாய் ஒன்றுதான் ரிப்பேர். திறக்க வேண்டிய நேரத்தில் திறக்காது. பக்கத்துக் கடையில் தையல் மெஷின் மிதித்துக்கொண்டு நெடுநாளாக அவனைப் பார்க்கிறவன் நான். நல்லவன்தான். நல்லவனாக இருந்தால் மட்டும் போதும் என்று நினைக்கிறவன், அதுதான் எனக்கு எரிச்சல்.

ஏழாயிரம் அடி உயரத்தில் கடல் வளர்த்த ஆள் அவன். ஊரைவிட்டுப் போன வெளிநாட்டு வாத்தியார் ஒருவர், தன் வீட்டு ஹீட்டரையெல்லாம் பழுதுபார்த்துத் தந்தவனாயிற்றே என்று, தன்னுடைய உப்புத்தண்ணீர் மீன்தொட்டியை அவனுக்குக் கொடுத்துவிட்டுப் போனார். அதற்கென்று ஒரு உப்பு சென்னையிலிருந்து பார்சலில் வரும். கரண்ட் போனால் தொட்டித் தண்ணீர் குளிர்ந்துவிடுமே என்று கம்பளி எடுத்துப் போர்த்துவான். உள்ளே பவளப்பாறை மாதிரி கற்கள், காளான் போல விரிந்த உயிர்கள், ஆரஞ்சு நிறத்தில் ஒரு ஜோடி மீன். அந்த ஜோடி குடியிருந்தது கைக்குட்டை அகலத்துக்கு விரிந்த ஒரு கடல் சாமந்தியில். பெயர்தான் பூ. அது வாயும் வயிறும் உள்ள பிராணி. இறால் துண்டைப் போட்டால் விரல்களை மடக்கி விழுங்கிவிடும்.

அவன் மனைவி இந்து பண்ணைக்காட்டுப் பெண். ஒரு கர்ப்பம் கலைந்து, அதற்கப்புறம் வருஷக்கணக்கில் ஒன்றும் தங்காமல் இருந்தவள். சாயங்காலமானால் இருவரும் தொட்டி முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுவார்கள். ஊர்ப் பேச்சிலிருந்து ஒதுங்க அவர்களுக்கு அது ஒரு இடம்.

2007இல் இந்து மறுபடி முழுகாமல் இருந்தாள். தனசேகரின் அம்மா வேலம்மா இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்த குடும்பம். அன்றைக்கே மகனைக் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொல்லிவிட்டாள்.

"ஏலே சேகரு, இவ பெத்துப் பொழைக்கிற வரைக்கும் நீ ஒரு எறும்பக்கூட நசுக்கப்படாது. தோட்டத்துல எங்க பக்கத்து லயத்து வீட்டுக்காரன், பொஞ்சாதி மாசமா இருக்கையில முள்ளம்பன்னிய அடிச்சான். புள்ள தங்கல. கண்ணால பாத்தவ சொல்றேன்."

எங்கள் பக்கம் இது எல்லா வீட்டிலும் உள்ள கட்டுப்பாடுதான். கர்ப்பிணியின் புருஷன் கோழி அறுக்க மாட்டான், பாம்பை அடிக்க மாட்டான். வேலம்மா எலிப்பொறியைக்கூட எடுத்துப் பரணில் போட்டாள். தனசேகர் சரி என்று தலையாட்டினான்.

தலையாட்டின கொஞ்ச நாளில் வந்தது வினை. சென்னையிலிருந்து வாங்கிப்போட்ட புதுக் கல்லில் விரல் நகம் அளவுக்கு ஒரு பழுப்புப் பூ முளைத்திருந்தது. இந்து, "பெருசு குட்டி போட்டிருக்குங்க!" என்று கை தட்டினாள். அவளுக்கு அது நல்ல சகுனம். தனசேகருக்குச் சந்தேகம். ஏழுரோடு பக்கம் ஒரு பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து படம் படமாக ஒப்பிட்டுப் பார்த்தான். கண்ணாடி மாதிரி ஊடுருவித் தெரியும் தண்டு, கூர்கூரான நீள விரல்கள், தொட்டால் சட்டென்று கல் பொந்துக்குள் சுருங்கிக்கொள்வது. பெரிய சாமந்தி இப்படி ஓடி ஒளியாது, அதன் விரலும் தடித்து மழுங்கியிருக்கும். சந்தேகமே இல்லை, இது களை. விட்டால் தொட்டி முழுக்கப் பரவி, பக்கத்திலுள்ள உயிர்களையெல்லாம் கொட்டிச் சாகடித்துவிடும். கிள்ளவோ வெட்டவோ கூடாது, ஒரு துணுக்கு மிஞ்சினாலும் அது தனியாக முளைத்துவிடும் என்றும் போட்டிருந்தது. வழி ஒன்றுதான் கைக்கெட்டுகிற மாதிரி இருந்தது. சுண்ணாம்பைக் கெட்டியாகக் குழைத்து ஊசியால் அதன் வாயில் வைக்க வேண்டும். இரை என்று நினைத்து விழுங்கிச் செத்துவிடும்.

இதை இந்துவிடம் சொல்லியிருக்கலாம். அவள் குட்டி என்று கொஞ்சுகிறதைக் கொல்லப்போகிறேன் என்று எப்படிச் சொல்வது? சொன்னால் அம்மா காதுக்கும் போகும். அவர்கள் இருவரும் கோயிலுக்குப் போயிருந்த நேரம், மோட்டாரை நிறுத்தித் தண்ணீர் அசையாமல் இருக்கும்போது, வெற்றிலைச் சுண்ணாம்பைச் சிரிஞ்சில் ஏற்றி வைத்தான். அது ஆசையாக வாங்கி விழுங்கியது.

செத்தது என்னவோ செத்தது. ஆனால் கொஞ்ச நாளில் அந்தக் கல்லில் நாலைந்து, அடுத்த கல்லில் இன்னும் சில. ஒரேயடியாகச் சுண்ணாம்பு போட்டால் தண்ணீர் காரமேறி மீனும் செத்துவிடும் என்பதால் வாரத்துக்கு ஒன்றிரண்டுதான் அவனால் முடிந்தது. அவன் ஒன்றைக் கொன்றால் பத்து முளைத்தது. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்களே, அவன் நெஞ்சு குறுகுறுத்தது. கொன்ற பாவம்தான் கண்முன்னால் இப்படி முளைக்கிறது என்று நினைத்தான். நினைத்தானே தவிர, சிரிஞ்சைக் கீழே வைக்கவில்லை.

நாலாம் மாதம் இந்துவுக்கு ரத்தம் பட்டது. ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். நஞ்சுக்கொடி கீழே இறங்கியிருக்கிறது, படுக்கையைவிட்டு எழுந்திருக்கக் கூடாது, மலையைவிட்டு இறங்கவே கூடாது என்றாள் டாக்டரம்மா. "இது யாரும் எதுவும் செஞ்சதால வர்றது இல்ல" என்றும் சேர்த்துச் சொன்னாள். அது யார் காதிலும் ஏறவில்லை.

வேலம்மா கட்டிலருகே உட்கார்ந்திருந்தாள். இந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டு கதறினாள்.

"அத்த, நான்தான் பாவி. குட்டின்னு நெனச்சேன். அது பெருசப் போட்டுக் கொட்டுது, பெருசு சுருங்கிப்போச்சு. பாக்கப் பொறுக்காம தெனமும் நகத்தால கிள்ளிக் கிள்ளிப் போட்டேன். மாசமா இருக்கோம்கிற நெனப்பே இல்லாமப் போச்சு."

"அடிப் பாவி மவளே, வயித்துல ஒண்ண வச்சுக்கிட்டுச் செய்யற சோலியா இது?" என்று வேலம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

தனசேகர் கையில் ஃபிளாஸ்க்கோடு வாசலில் நின்றான். ஒன்று பத்தாகப் பெருகினது எப்படி என்று அவனுக்கு அப்போதுதான் விளங்கியது. கிள்ளக் கூடாது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவள் கிள்ளியிருக்கவே மாட்டாள். கட்டுப்பாடு புருஷனுக்குத்தான் முதலில், மீறினதும் அவன்தான் முதலில். 'நானும் கொன்னேன்' என்று சொல்ல ரெண்டு அடி உள்ளே வைத்தால் போதும். திருடனுக்குத் தேள் கொட்டின மாதிரி நின்றான். பிறகு காப்பி வாங்கிவருகிறேன் என்று போய்விட்டான்.

அதற்கப்புறம் அந்த வீட்டில் இந்து பட்டது கொஞ்சமில்லை. படுத்த படுக்கையில் மீன் தின்பதை விட்டாள், முட்டையை விட்டாள், பூம்பாறை முருகனுக்கு வேண்டிக்கொண்டாள். கஞ்சி கொடுக்கும்போதெல்லாம் மாமியார் ஒரு சொல் குத்திவிட்டுத்தான் டம்ளரைக் கீழே வைப்பாள். இந்து தொட்டிப் பக்கம் திரும்பிப் படுக்கவே மாட்டாள். அவன் கால் பிடித்துவிட்டான், துணி துவைத்தான், வெந்நீர் வைத்தான். சொல்ல வேண்டியதைத் தவிர எல்லாம் செய்தான். சொல்லத்தான் நினைத்தானாம். பிள்ளை நல்லபடியாகப் பிறக்கட்டும், அன்றைக்கே சொல்லிவிடலாம் என்று நாளைத் தள்ளினான்.

சிரிஞ்சைத் தூக்கிப்போட்டுவிட்டான். தொட்டியில் களை கல்லை மூடியது. காளான்கள் கருகிப்போயின. பெரிய சாமந்தி இடம்பெயர்ந்து கண்ணாடி மூலைக்கு நகர்ந்து, அங்கேயே சுருங்கிக் கரைந்தது. மீன் ஜோடி வீடில்லாமல் மோட்டார் பக்கம் ஒண்டிக்கொண்டது. எனக்கு இது வேண்டும் என்று அவன் பார்த்துக்கொண்டிருந்தான். அதுவும் ஒரு சௌகரியம்தான், தன்னைத்தானே தண்டித்துக்கொள்கிறவனை யாரும் கேள்வி கேட்பதில்லை.

ஒரு நாள் டாக்டரம்மா, நஞ்சுக்கொடி மேலே ஏறிவிட்டது, இனி எழுந்து நடமாடலாம் என்றாள். பிள்ளை குறையில்லாமல் பிறந்தது, பெண். உடம்பு தேறியதும் இந்து குழந்தையோடு பண்ணைக்காட்டுக்குத் தாய்வீடு போனாள். தனசேகர் ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிப் பார்க்கப் போனான். முற்றத்தில் மிளகு காய்ந்துகொண்டிருந்தது. குழந்தை அவன் மடியில் கிடந்து அவன் விரலைப் பிடித்துக்கொண்டது. அந்தத் தைரியத்தில், சிரித்துக்கொண்டே சொன்னான்.

"உன்னைய மட்டும் சொல்றாங்க. உனக்கு முந்தியே நானும் கொன்னேன் தெரியுமா? சுண்ணாம்பு வச்சு. நீ கிள்ளி வளத்த, நான் கொன்னு தீக்கப் பாத்தேன்."

இந்து சிரிக்கவில்லை.

"ஆஸ்பத்திரில நான்தான் பாவின்னு அழுதது ஒங்களுக்குத் தெரியுமாங்க?"

"ம்."

"அத்த தெனமும் என்னையக் குத்துனதும்?"

அவன் குழந்தையின் துணியை இழுத்துச் சரிசெய்தான்.

"நீங்க கொன்னதுக்கு நான் ஒண்ணும் சொல்லல. புள்ள நல்லபடியா மடியில கெடக்கு, இப்ப சொல்றீங்க. இவ தங்காமப் போயிருந்தா சொல்லியிருப்பீங்களா?"

ஆமாம் என்று பொய்யாகச் சொல்லக்கூட அவன் வாய் திறக்கவில்லை. அவள் குனிந்து, விரலை விடுவித்து, குழந்தையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.