எறிபவளுக்கு எந்தப் பக்கம்

பத்தாவதோடு நிறுத்தியவன் எழுத வந்ததைப் பொறுத்துக்கொள்ளுங்கள். பெண்கள் கூடைப்பந்து ஆட்டத்துக்கு நடுவராகப் போயிருந்தேன். கிரிவலத்தில் சாலையின் இடப்பக்கமாகவே நடந்த பழக்கமோ என்னவோ, கூடைக்குப் பின்னாலுள்ள கோட்டிலிருந்து பந்தை உள்ளே எறியும்போதெல்லாம் எறிபவளுக்கு இடப்பக்கமே நிற்பேன். அன்று கூடையும் அவளுக்கு இடப்பக்கம் இருந்தது; அப்படி நின்றதில் கூடையடி என் முதுகுக்குப் பின்னால் போய்விட்டது. அங்கே ஒருத்தி இன்னொருத்தியைத் தள்ளிவிட்டதை நான் பார்க்கவில்லை.

“இன்னா சார், இங்கயும் கிரிவலமா? அந்தாண்ட நில்லுங்க, ரிங் கீழ எல்லாம் தெரியும்” என்றார் கூட இருந்த நடுவர்.

இன்னொரு தப்பு செய்தால் இனி யாரும் கூப்பிடமாட்டார்கள் என்று பயந்தேன். அதே இடத்திலிருந்து வந்த கடைசி எறிதலுக்கு, எறிபவளின் வலப்பக்கம் போய் நின்றேன். எறிபவளுக்கு அப்பால் கூடையடி முழுவதும் தெரிந்தது. ஒரு கை தள்ளியது, விசில் ஊதினேன். தள்ளியவளே, “ஆமா சார், நான்தான்” என்றாள். அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது.

மறுநாள் ஆட்டத்துக்கும் கூப்பிட்டார்கள். மழையால் அது நடக்கவில்லை.