ஊரை விட்டுப் போனவரின் இரண்டு ஏக்கர்

உபகாரசாமி பட்டாளத்தில் இருந்தது ஐந்து வருடம், ஏழு மாதம். பர்மா எல்லையில் பாலம் கட்டினார். இடது கையில் ஒன்றரை விரலை அங்கேயே விட்டுவிட்டு, 1946 மே மாதம் மோகனூருக்குத் திரும்பினார். ஊரில் பிழைப்பு கிடைக்கவில்லை. அந்த ஆகஸ்டிலேயே கோலார் தங்கவயலுக்குப் போய்ச் சுரங்கத்தில் சேர்ந்தார். மனைவி மரியபுஷ்பம் எருமைகளோடு ஊரிலேயே இருந்தாள். வருடத்துக்கு ஒரு தடவை, ஈஸ்டருக்கு, பதினைந்து நாள் லீவில் வருவார். ஒரேயடியாக ஊர் வந்து சேர்ந்தது 1957 டிசம்பரில்.

1959-ல் முன்னாள் சிப்பாய்களுக்குத் தரிசு நிலம் கொடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, இரண்டு ஏக்கருக்கு மனு போட்டார். பதினொரு வாரம் கழித்துப் பதில் வந்தது. பட்டாளத்தை விட்டபின் பத்து வருடம் சென்னை ராஜ்யத்திலேயே குடியிருந்திருக்க வேண்டுமாம். கோலார் இருப்பது மைசூர் ராஜ்யம். மனு தள்ளுபடி.

"பர்மாவுக்கு அனுப்பறப்ப, எந்த ராஜ்யத்துல எத்தனை வருசம் இருந்தேன்னு எவனாவது கேட்டானா?" என்று கத்தினார்.

நாமக்கல்லில் வக்கீல் குமாஸ்தா வீரபாகு அவருக்கு அரசியல் சட்டத்தின் பத்தொன்பதாவது பிரிவைத் தமிழில் எழுதிக் கொடுத்தார். இந்தியாவின் எந்தப் பகுதியிலும் குடியிருக்க எல்லோருக்கும் உரிமை உண்டு. உபகாரசாமி அதை மந்திரம் போல மனப்பாடம் செய்தார். இரவு ஜெபம் முடிந்ததும் ஒரு தடவை சத்தமாகச் சொல்வார். ஜெபத்தோடு சேர்ந்தது என்று நினைத்துப் பிள்ளைகள் "ஆமென்" என்பார்கள்.

மரியபுஷ்பத்துக்குச் சட்டம் வேண்டாம், நிலம் வேண்டும். குடும்பம் ஊரைவிட்டு நகரவில்லை என்று காட்ட, பங்குச் சாமியாரிடம் ஐந்து பிள்ளைகளின் ஞானஸ்நானச் சான்றுகளை வாங்கிக்கொண்டாள். 1960 ஜூனில் ஜமாபந்தி. ஊர்க் கணக்கைச் சரிபார்க்கும் அதிகாரி, மனுக்களையும் கேட்கும் நாள்.

அதிகாரியின் குமாஸ்தா சான்றுகளை ஒவ்வொன்றாகப் புரட்டினார். "அஞ்சும் டிசம்பர் கடைசி, ஜனவரி. ஏம்மா, மத்த மாசத்துல புள்ளையே பொறக்காதா உங்க ஊட்ல?"

"ஈஸ்டருக்குத்தானுங்க லீவு குடுப்பாங்க" என்றாள் மரியபுஷ்பம்.

பந்தலே சிரித்தது. உபகாரசாமியின் குடியிருப்பு ஊரில்தான் என்று காட்டக் கொண்டுவந்த காகிதம், அவர் ஊரில் இல்லாததைத் தேதி வாரியாகக் காட்டிக் கொடுத்துவிட்டது.

அதிகாரி கண்ணைத் துடைத்துக்கொண்டார். "பிழைக்கப் போன இடம் வேறே, குடியிருப்பு வேறே. பெண்டாட்டி பிள்ளைகள் இங்கே என்றால் இவர் குடியிருப்பும் இங்கேதான். நிலம் கொடுக்கலாம்."

"இல்லீங்க" என்றார் உபகாரசாமி. "நான் குடியிருந்தது கோலார்லதானுங்க. அதுக்காக நெலமில்லைங்கற விதிதான் செல்லாதுங்க."

"பெரியவரே, உமக்கு நிலம் வேணுமா, வழக்கு வேணுமா?"

"ரெண்டும் வேணுமுங்க."

"ஏனுங்க, செத்த சும்மா இருக்க மாட்டீங்களா?" என்று முன்னால் வந்தாள் மரியபுஷ்பம். "வழக்கை அவருக்குக் குடுங்க சாமி. நெலத்தை என் பேருக்கு எழுதுங்க. நான் ஒரு நா கூட ஊரைத் தாண்டலீங்க."

அப்படியே எழுதினார்கள். செப்டம்பர் பதினான்காம் தேதி பட்டா வந்தது. அன்று சாயங்காலமே உபகாரசாமி, விதி செல்லாது என்று மேலிடத்துக்கு மனு அனுப்பினார். 1963 பிப்ரவரியில் பதில்: குடும்பத்துக்கு நிலம் கிடைத்துவிட்டதால் மனுதாரருக்குக் குறை ஏதுமில்லை, கேள்வியை ஆராய வேண்டியதில்லை.

குறை உள்ள ஆளைத் தேடிச் சைக்கிளில் கிளம்பினார். நான்காம் வாரம் ராசிபுரத்தில், கோலாரிலிருந்து திரும்பிய சிப்பாய் லாசர் அகப்பட்டான். அவனுக்கும் மனு தள்ளுபடி. பெண்டாட்டி பிள்ளையும் கிடையாது. உபகாரசாமிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"கல்யாணம் மட்டும் பண்ணிப் போடாதே தம்பி" என்றார், அவன் கையைப் பிடித்துக்கொண்டு. "தீர்ப்பு வரட்டும்."